ஒரு ஆளுக்கு உலை வைப்பதா?

பத்துப் பேருக்குச் சமைப்பது எளிது. ஒரு ஆளுக்குச் சமைப்பதுதான் கஷ்டம்!

கேட்பதற்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு இதன் உண்மை தெரியும்.

பத்துப் பேருக்குக் குழம்பு என்றால் ஒரு தேங்காயை உடைக்கலாம். கால் கிலோ பருப்பு போடலாம். ஒரு ஆளுக்கு என்றால் தேங்காயில் ஒரு சில் போதும். மீதி வீணாகும். வெங்காயத்தில் பாதி, தக்காளியில் பாதி, கறியில் நான்கு துண்டு. இதற்காக அரைத்து, தாளித்து, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் பசியே போய்விடும்.

"எனக்கு ஒருத்திக்காகவா இத்தனை பாடு?" என்ற எண்ணம் வருகிறது. அடுப்பு அணைகிறது. ஒரு டம்ளர் டீயும் ஒரு பன்னும் மதியச் சாப்பாடாகிவிடுகிறது.

இது சோம்பல் அல்ல. நம்முடைய சமையல் முறை பெரிய குடும்பத்துக்காக ஏற்பட்டது. குடும்பம் சுருங்கிவிட்டது. சமையல் முறை சுருங்கவில்லை. இன்றைய தமிழ்நாட்டில் பல வீடுகளின் பிரச்சினை இதுதான்.

வெள்ளாற்றங்கரையில்

பெரம்பலூர் மாவட்டம், குன்னம் வட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. ஆற்றுக்கு அக்கரையில் கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி.

லப்பைக்குடிக்காடு ஒரு பேரூராட்சி. முஸ்லிம்கள் அதிகமாக வாழும் ஊர். வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பும் பணம் இந்த ஊரின் வாழ்க்கையில் பெரும் பங்கு வகிக்கிறது. தமிழ் முஸ்லிம் ஊர்களில் பொருள் தேடிக் கடல் கடந்து போவதைச் 'சபுர்' என்று சொல்வார்கள்.

சபுர் போனவர்கள் பணம் அனுப்புகிறார்கள். வீடு எழும்புகிறது. ஆனால் சில வீடுகளில் அந்தப் பெரிய சமையல் அறையில் நிற்பது ஒரே ஒரு வயதான தாய்தான். மகன் ஒரு நாட்டில். மருமகளும் பேரப்பிள்ளைகளும் படிப்புக்காகத் திருச்சியிலோ சென்னையிலோ இருப்பார்கள். மகளைக் கட்டிக் கொடுத்த ஊர் வேறு.

இது இந்த ஓர் ஊரின் கதை மட்டும் அல்ல. 2015-ஆம் ஆண்டில் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டவர் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. அந்த 22 லட்சம் பேருக்குப் பின்னால் எத்தனை தாய்மார், எத்தனை தந்தையர்!

மற்றொரு பக்கம், தமிழ்நாட்டில் முதியவர்களின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, நூறு பேரில் சுமார் 10 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031-இல் இது 18 ஆக உயரும் என்பது மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் கணிப்பு. 2017-18-இல் நடந்த அகில இந்திய முதியோர் ஆய்வில், நூறு முதியவர்களில் சுமார் 6 பேர் தனியாக வாழ்வது தெரிந்தது.

இவர்கள் அன்றாடம் என்ன சாப்பிடுகிறார்கள்? அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

"சாப்பிட்டாச்சு தம்பி!"

மகன் துபாயிலிருந்து பேசுகிறார். "அம்மா, சாப்பிட்டீர்களா?"

"சாப்பிட்டாச்சு தம்பி!" என்கிறார் தாய்.

பொய் இல்லை. சாப்பிட்டிருக்கிறார். காலையில் வைத்த ரசம், ஒரு கரண்டி சோறு, ஊறுகாய். இரவு ரஸ்க்கும் டீயும். மகன் நிம்மதியாகப் போனை வைக்கிறார்.

உடலுக்குப் புரதச் சத்து வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்னது. அப்படியானால் 50 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சுமார் 42 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. கறி, மீன், பருப்பு, சுண்டல், பால் இவற்றில் இருந்துதான் மீதி வர வேண்டும். ரசத்திலும் ரஸ்க்கிலும் அது வராது.

புரதம் குறைந்தால் சதை கரையும். கால் வலு குறையும். வயதானவர் தடுக்கி விழுவார். இடுப்பெலும்பு முறியும். பிறகு மகன் விமானம் ஏறி ஓடிவர வேண்டும். ஒரு கிண்ணம் பருப்புக் குழம்பில் தொடங்கிய விஷயம் இங்கே வந்து நிற்கிறது!

அடுத்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் ஆணம் வரும் நல்ல பழக்கம் இன்னும் போய்விடவில்லை. ஆனால் தினமும் அதை எதிர்பார்க்க யாருக்கும் மனம் வராது. ஓட்டல் பொட்டலம் ஒரு நாளைக்கு ருசி. தினமும் என்றால் உப்பும் எண்ணெயும் உடம்புக்கு ஆகாது.

வேறு வழி என்ன? பத்துப் பேருக்குச் சமைப்பது போலவே சமைப்பது. ஒரு ஆளுக்கு வேண்டிய அளவில் பிரித்து உறைய வைப்பது. வேண்டும்போது ஒன்றை எடுத்துச் சூடாக்கிக் கொள்வது.

நமக்குத் தெரியாத கலையா?

"என்ன, பழசைச் சாப்பிடச் சொல்கிறீர்களா?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

உணவைக் காப்பாற்றி வைப்பது தமிழருக்குப் புதிது அல்ல. மிஞ்சிய கறியை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காய வைத்தால் உப்புக்கண்டம். மீனைக் காய வைத்தால் கருவாடு. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் பழைய சோறு.

இவற்றுக்கெல்லாம் தத்துவம் ஒன்றுதான். உணவைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவை வாழத் தண்ணீர் வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும். உப்பும் வெயிலும் தண்ணீரை எடுத்துவிடுகின்றன. பழைய சோற்றில் ஊறும் புளிப்பு, கெட்ட கிருமிகளை அடக்குகிறது. குளிர், வெதுவெதுப்பை எடுத்துவிடுகிறது.

குளிர் மட்டும் நம் ஊரில் கிடைக்கவில்லை. அதை விலை கொடுத்துக் கப்பலில் இறக்கினார்கள்! அமெரிக்காவில் குளம் உறைந்த பனிக்கட்டியை வெட்டி எடுத்து வந்து வைப்பதற்காக, 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஒரு கட்டடம் எழுந்தது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்ற ஐஸ் ஹவுஸ் அதுதான்.

உணவுப் பண்டத்தை வேகமாக உறைய வைத்தால் ருசி கெடாது என்பதை உலகுக்குக் காட்டியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்ற அமெரிக்கர். கனடாவின் லாப்ரடார் பகுதியில் மக்கள் மீனைக் கடுங்குளிரில் நொடியில் உறைய வைப்பதை அவர் பார்த்தார். மாதங்கள் கழித்தும் அந்த மீன் புதிது போல் இருந்தது. அதைப் பார்த்து அவர் இயந்திரம் செய்தார். 1930-இல் அமெரிக்காவில் அவருடைய உறைந்த உணவுகள் கடைக்கு வந்தன.

இந்தியாவிலேயே பிரிட்ஜ் செய்யும் வேலையை 1958-இல் கோத்ரெஜ் தொடங்கியது. அன்று அது பணக்காரர் வீட்டுப் பொருள். இன்று நடுத்தரக் குடும்பத்திலும் இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் அதன் மேல் அறையான பிரீசரில் இருப்பது ஐஸ் கட்டியும் ஒரு பொட்டலம் மாவும்தான்!

குளிர் கிருமியைக் கொல்லுமா?

கொல்லாது! இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும்.

நல்ல பிரீசரில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வரை இருக்கும். அந்தக் குளிரில் கிருமிகள் தூங்கிவிடும், சாகாது. வெளியே எடுத்து வெதுவெதுப்பு வந்ததும் விழித்துக்கொள்ளும்.

ஆகவே கெட்டுப்போகத் தொடங்கிய குழம்பை உறைய வைத்தால் அது நல்ல குழம்பு ஆகிவிடாது. நல்ல நிலையில் உள்ளே போனதுதான் நல்ல நிலையில் வெளியே வரும்.

பெரிய ஆபத்து சமையலுக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் உள்ள நேரத்தில்தான் இருக்கிறது. மதியம் ஆக்கிய குழம்பை மாலை வரை அடுப்பு மேடையிலேயே வைப்பது நம் வழக்கம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் பெருகும். சாதாரணமாக 2 மணி நேரத்துக்குள் உணவு குளிருக்குள் போய்விட வேண்டும் என்பார்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். பெரம்பலூர் வெயிலுக்கு இந்த 1 மணிக் கணக்குதான் பொருந்தும்!

சோற்றில் இன்னொரு விசேஷம். அரிசியில் உள்ள ஒரு வகைக் கிருமியின் வித்து, உலையில் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெளியே வெகுநேரம் கிடந்தால் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் சோற்றை உறைய வைப்பதென்றால் உடனே ஆற்றி உடனே வைக்க வேண்டும். அதைவிட எளிய வழி, சோற்றை அன்றன்று வடிப்பதுதான். சோறு வடிக்க நேரம் அதிகம் ஆகாது. குழம்புக்குத்தான் பாடு. குழம்பை உறைய வைத்தால் போதும்.

செய்யும் முறை

வாரத்தில் 2 நாள் மட்டும் குழம்பு, கூட்டு வகைகளைப் பெரிய அளவில் சமைக்கலாம். ஒரு நாள் கறிக் குழம்பு, மறு நாள் பருப்பு அல்லது சுண்டல்.

அடுப்பை விட்டு இறக்கியதும் பாத்திரத்தைத் தண்ணீர் உள்ள பெரிய தாம்பாளத்தில் வைத்துக் கிளற வேண்டும். சூடு சீக்கிரம் ஆறும்.

பிறகு ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று ஊற்ற வேண்டும். டப்பா உயரமாக இருக்கக் கூடாது. தட்டையாக இருந்தால்தான் நடுப்பகுதியும் சீக்கிரம் உறையும். வாய் வரை ஊற்றவும் கூடாது. தண்ணீர் உறையும்போது சுமார் பத்தில் ஒரு பங்கு பெருக்கும். நிறைய ஊற்றிய கண்ணாடிப் புட்டி வெடித்துவிடும்.

டப்பாவை முதலில் பிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்துக் குளிர்வித்து, பிறகு பிரீசருக்கு மாற்றலாம். சூட்டோடு பத்து டப்பாக்களை ஒரே நேரத்தில் அடுக்கினால், ஏற்கெனவே உறைந்து இருப்பதும் இளகிவிடும்.

மூடியில் தேதியும் பண்டத்தின் பெயரும் எழுதி ஒட்ட வேண்டும். எழுத்துத் தெரியாதவர், கண் மங்கியவர் என்றால் அதற்கும் வழி உண்டு. கறிக்குச் சிவப்பு ரப்பர் வளையம், பருப்புக்கு மஞ்சள் வளையம். பழையது முன்னால், புதியது பின்னால்.

நாளைச் சாப்பாட்டுக்கு வேண்டியதை இன்று இரவே பிரீசரிலிருந்து கீழ்த் தட்டுக்கு இறக்கிவிட வேண்டும். மேடை மீது வைத்து இளக விடக் கூடாது. அவசரம் என்றால் டப்பாவின் வெளிப்புறத்தைத் தண்ணீரில் காட்டி, கட்டியைப் பாத்திரத்தில் தள்ளி நேரே அடுப்பில் வைக்கலாம்.

சூடாக்கும்போது ஓரத்தில் மட்டும் கொதித்தால் போதாது. நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒரு தடவை இளகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

எல்லாப் பண்டமும் உறையை ஏற்பதில்லை. கறிக் குழம்பு, பருப்பு, சுண்டல், வெங்காயம் தக்காளி வதக்கிய மசாலா, துருவிய தேங்காய், சப்பாத்தி, இட்லி, இடியாப்பம் இவை நன்றாக இருக்கும். உருளைக்கிழங்கு மாவு மாவாகும். அவித்த முட்டையின் வெள்ளைக் கரு ரப்பர் போல் ஆகும். தயிர் திரியும். தேங்காய்ப் பால் ஊற்றிய குழம்பு பிரிந்துபோகக் கூடும். பாலைக் கடைசியில், சூடாக்கும்போது ஊற்றிக்கொள்ளலாம். வீட்டுப் பிரீசரில் வைத்த பண்டத்தை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது ருசிக்கு நல்லது.

பக்ரீதும் நோன்பும்

லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் பிரீசர் நிறைந்து வழிவது பக்ரீத் சமயத்தில்தான். குர்பானி இறைச்சி உறவினருக்கும் ஏழைகளுக்கும் போக, வீட்டுப் பங்கும் இருக்கும். தனியாக இருக்கும் முதியவருக்கு உறவினர் வீடுகளிலிருந்தும் வரும்.

இங்கே ஒரு தவறு நேர்கிறது. 2 கிலோ கறியை ஒரே பையில் கட்டி உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அது கல்லாகிவிடுகிறது. ஒரு ஆளுக்கு 150 கிராம் வேண்டும் என்றாலும் முழுப் பாறையையும் இளக வைக்க வேண்டும். மீதியை மறுபடி உள்ளே வைப்பார்கள். கறி கெடுவது இப்படித்தான். முதலிலேயே ஒரு வேளை அளவாகப் பிரித்துக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

நோன்பு மாதத்தில் தனி ஆளுக்கு இன்னும் சிரமம். விடியுமுன் எழுந்து சஹர் சாப்பாடு செய்துகொள்ள வேண்டும். உடம்பு முடியாதவர் தண்ணீரைக் குடித்துவிட்டு நோன்பு பிடிப்பார். முந்தின இரவே ஒரு டப்பாவை இறக்கி வைத்திருந்தால், அந்த நேரத்தில் ஒரு கொதி போதும். பகல் முழுவதும் தாங்கும் உணவு வயிற்றுக்குள் போகும்.

மின்சாரம் போனால்?

இது நியாயமான பயம். 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. அந்த நாளில் இந்த யோசனையைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களில் எத்தனையோ கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன.

கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்து இருக்கும் தனிப் பிரீசர் சுமார் 48 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஒற்றைக் கதவு பிரிட்ஜின் சின்ன மேல் அறைக்கு அவ்வளவு சக்தி கிடையாது. ஆகவே அதில் நிறையச் சேர்க்காமல், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வைப்பது புத்திசாலித்தனம்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது, இடையில் மின்சாரம் போனதா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஒரு சின்ன தந்திரம் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைக்க வேண்டும். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலை இல்லை. அடியில் கிடந்தால் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்!

பிரிட்ஜ் மீது ஒட்டியிருக்கும் நட்சத்திரத்தைப் பார்த்து, 'நட்சத்திரம் அதிகம் என்றால் குளிர் அதிகம்' என்று சிலர் நினைக்கிறார்கள். அது மின்சாரச் சிக்கனத்துக்குக் கொடுத்த மதிப்பெண். குளிருக்கு அல்ல.

யார் செய்வது?

இந்த வேலையையும் அந்தத் தாயின் தலையிலேயே கட்டிவிட்டால் பயன் இல்லை.

துபாயிலும் ரியாத்திலும் ஒரே அறையில் பலர் சேர்ந்து வாழும் இளைஞர்களுக்கு இது தெரியாத வித்தை அல்ல. விடுமுறை நாளில் ஒரு பெரிய சட்டி கறி ஆக்கி, டப்பாக்களில் அடைத்து, வாரம் முழுவதும் எடுத்துச் சாப்பிடுகிறவர்கள் அங்கே உண்டு. வீட்டில் இருந்தவரை அடுப்பைத் தொடாத பிள்ளை, அங்கே போய்க் குழம்பு வைக்கக் கற்றுக்கொள்கிறான்.

அந்தப் பிள்ளை விடுமுறையில் ஊருக்கு வரும்போது அத்தர் புட்டியும் கம்பளியும் கொண்டுவருகிறான். அதோடு 12 சின்ன டப்பாக்களையும் வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் அடுப்படியில் நின்று தாய்க்கு இந்த முறையைப் பழக்கிக் காட்டலாம். மாதம் ஒரு முறை வரும் மகள் கையோடு பத்து வேளைக் குழம்பு வைத்துப் போகலாம். பக்கத்துத் தெருவில் இருக்கும் இரண்டு மூன்று தனி ஆட்கள் கூட்டாகச் சமைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். அப்போது சமைக்கும் நேரத்தில் பேச்சுத் துணையும் கிடைக்கும்.

தொலைபேசிக் கேள்வியும் மாற வேண்டும். "சாப்பிட்டீர்களா?" என்றால் "ஆச்சு" என்ற பதில்தான் வரும். "இன்று எந்த டப்பாவை எடுத்தீர்கள்? இன்னும் எத்தனை இருக்கிறது?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். ஒரு வாரமாக டப்பா குறையவில்லை என்றால், தாய்க்குப் பசி இல்லை, உடம்பு சரியில்லை என்று பொருள். உடனே பக்கத்து வீட்டாரை அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம்.

ஜப்பானில் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நூறு வீடுகளில் 38 வீடுகள் ஒரு ஆள் வீடுகள். அந்த அளவுக்கு நாம் இன்னும் போகவில்லை. ஆனால் நமது பாதையும் அந்தத் திசையில்தான் திரும்பியிருக்கிறது. பிள்ளைகள் போகாமல் இருக்க முடியாது; போனால்தான் பிழைப்பு. தனியாக இருப்பவர் பட்டினி இருக்க வேண்டும் என்பது மட்டும் எந்தச் சட்டமும் அல்ல.

பிரீசர் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறாது. "இன்னும் ஒரு கரண்டி போடட்டுமா?" என்று கேட்காது. அந்த ஏக்கத்தை எந்த இயந்திரமும் தீர்க்காது. ஆனால் தன் கைப் பக்குவத்தில் ஆக்கிய குழம்பை, தன் வீட்டில், சூடாகச் சாப்பிட அது உதவும். தனக்காக ஒருத்தி சமைத்துக்கொள்வது வீண் வேலை என்ற எண்ணம் முதலில் போக வேண்டும். ஒரு ஆள் இருந்தாலும் அது வீடுதான். அங்கேயும் கறிக் குழம்பு மணக்கலாம்!